கடைசி மாதம்: வலி, தண்ணீர், அசைவு, கிளம்பும் நேரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

36 வாரம் தொடங்கிய பெண்களுக்கும், வீட்டில் அவர்களோடு இருப்பவர்களுக்கும் எழுதியது இது. கடைசி மாதத்தில் உடம்பில் தோன்றும் பெரும்பாலான தொந்தரவுகள் பொறுத்துப் பார்க்கக்கூடியவை. பொறுக்கக் கூடாதவற்றில் முக்கியமானவை ஐந்து: ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது, பார்வை மங்கலோடு வரும் தலைவலி, வலிப்பு. இவற்றில் எது வந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். ராகு காலம் கழியட்டும், விடியட்டும், பெரியவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கும் நேரம்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் எமனாகிறது.

டாக்டர் குறித்த தேதியில்தான் பிரசவம் ஆகுமா?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம் என்று கணக்கிட்டு அந்தத் தேதியைத் தருகிறார்கள். சரியாக அன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் எப்போது வலி கண்டாலும் இயல்பே. தலைப்பிரசவம் தேதியைத் தாண்டுவது சாதாரணமாக நடப்பது.

ஸ்கேனுக்கு ஸ்கேன் தேதி மாறுகிறதே என்று பலர் குழம்புகிறார்கள். கடைசி மாத ஸ்கேன் குழந்தையின் உருவ அளவை வைத்து வாரத்தைக் கணிக்கிறது. சற்றுப் பெரிய குழந்தை என்றால் தேதி முன்னே வரும், சின்னக் குழந்தை என்றால் பின்னே போகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனில் உறுதி செய்த தேதியைத்தான் கடைசிவரை நம்ப வேண்டும். மாதக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்கையே மனதில் வையுங்கள். ஆஸ்பத்திரியில் எல்லா முடிவும் வாரத்தை வைத்துத்தான்.

37 வாரத்துக்கு முன் வலி வந்தால் அது சூட்டு வலியா, அதாவது பொய் வலியா என்று வீட்டில் ஆராய வேண்டாம். நேரே போய்க் காட்டுங்கள்.

வயிறு இறங்கிவிட்டது என்கிறார்கள். நாளையே வலி வருமா?

வராது என்றும் சொல்ல முடியாது, வரும் என்றும் சொல்ல முடியாது. குழந்தையின் தலை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். தலைப்பிரசவத்தில் இது வலிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நடக்கலாம். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் வலி தொடங்கிய பிறகுதான் பல பேருக்குத் தலை இறங்கும். இறங்கியதும் மூச்சு வாங்குவதும் நெஞ்செரிச்சலும் குறையும். அதற்குப் பதிலாக அடிக்கடி சிறுநீர் வரும், தொடை இடுக்கில் சுருக்கென்று குத்தும், நடை அகலும். வயிற்றின் வடிவத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வதில் எந்த உண்மையும் இல்லை.

சூட்டு வலியா, பிரசவ வலியா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி மாதத்தில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். முதலில் கையால் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்திருங்கள். வலி வரும்போது கர்ப்பப்பை இறுகி மேலெழும்பும்; பிரசவ வலியின் உச்சத்தில் அது உங்கள் நெற்றியைத் தொட்டால் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கெட்டியாக இருக்கும், விரலால் அழுத்தினால் அமுங்காது. பிறகு முழுதாக இளகிவிடும். இறுகத் தொடங்கிய நொடியிலிருந்து அடுத்தது இறுகத் தொடங்கும் நொடி வரை எத்தனை நிமிடம், ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நீடிக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் எழுதினால் விடை தானாகத் தெரியும்.

சூட்டு வலிக்கு ஒழுங்கு இருக்காது. 8 நிமிடம், 20 நிமிடம், 12 நிமிடம் என்று தாறுமாறாக வரும். அடிவயிற்றோடு நிற்கும். தண்ணீர் குடித்து, படுக்கையை மாற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் அடங்கும். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், சிறுநீரை அடக்கி வைத்தாலும் அதிகமாகும். பெரியவர்கள் சீரகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு தம்ளர் நீர் உள்ளே போகிறது, அரை மணி நேரம் ஓய்வும் கிடைக்கிறது; பொய் வலி என்றால் அதிலேயே தணியும். ஆனால் அதைக் குடித்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

பிரசவ வலி இடுப்பின் பின்புறத்தில் கிளம்பி முன்வயிற்றுக்கும் தொடைக்கும் பரவும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், நீளம் கூடிக்கொண்டே போகும். நடந்தாலும் படுத்தாலும் நிற்காது. வலியின் நடுவில் உங்களால் பேச்சைத் தொடர முடியவில்லை என்றால் அது உண்மையான வலிதான்.

ஒரு எச்சரிக்கை: வயிறு இளகவே இளகாமல் ஒரேயடியாகக் கல்லாக இறுகி, விட்டு விட்டு வராமல் தொடர்ந்து வலித்தால் அது சூட்டு வலியும் அல்ல, சாதாரணப் பிரசவ வலியும் அல்ல. நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து முன்கூட்டியே பிரியும்போது அப்படி ஆகும், ரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கலாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் கிளம்ப வேண்டும்?

தலைப்பிரசவம்: 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் 45 முதல் 60 விநாடி, இப்படி ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம். இரண்டாவது பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் வேகமாகத் திறக்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரத் தொடங்கியதுமே கிளம்புங்கள். ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால், மலைக் கிராமம் என்றால், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர் என்றால், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வலி ஒழுங்குபட்ட உடனே போய்விடுங்கள்.

மிக முன்னதாகப் போனால் “இன்னும் வாய் திறக்கலை, ஒரு விரல்தான்” என்று திருப்பி அனுப்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தலைப்பிரசவத்தில் இந்த முதல் கட்டம் ஒரு நாள் முழுக்கக்கூட இழுக்கும்.

வீட்டில் இருக்கும் நேரத்தில் கஞ்சி, இட்லி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். நிறைந்த மூத்திரப்பை தலை இறங்குவதைத் தடுக்கும். யார் சொன்னாலும் இந்தக் கட்டத்தில் முக்காதீர்கள். வாய் முழுதாகத் திறக்கும் முன் முக்கினால் கர்ப்பப்பை வாய் வீங்கிக்கொள்ளும், உங்கள் பலமும் வீணாகும்.

தண்ணீர் கசிவது போல் இருக்கிறது. பனிக்குடமா, சிறுநீரா?

பனிக்குடம் எல்லோருக்கும் குபுகுபுவென்று உடையாது. பல பேருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். சுத்தமான நாப்கின் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். சிறுநீருக்கு அதன் வாடை இருக்கும், அடக்க நினைத்தால் நிற்கும். பனிக்குட நீர் நிறமற்றோ இளம் மஞ்சளாகவோ இருக்கும், அடக்கினாலும் நிற்காது, எழுந்து நடந்தாலோ இருமினாலோ மறுபடி வரும். சந்தேகம் என்றால் அந்த நாப்கினைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

உடைந்துவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி தானே தொடங்கும், ஆனால் நேரம் கூடக் கூட உள்ளே கிருமி ஏறும் வாய்ப்பும் கூடும். உடைந்த நேரத்தையும் நீரின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார். உள்ளே கை வைத்துப் பார்ப்பதும் உடலுறவும் கூடாது. நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அதைப் போன் செய்தே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நாற்றம், காய்ச்சல் இருந்தாலும் அப்படியே.

அபூர்வமாக, நீர் உடைந்ததும் தொப்புள்கொடி தலைக்கு முன்னால் நழுவி வெளியே வரும். குழந்தை குறுக்காகவோ, இடுப்பு கீழாகவோ இருந்தால், தலை இறங்காமல் இருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம். கொடி கண்ணில் பட்டாலோ கையில் தட்டுப்பட்டாலோ நிற்காதீர்கள், நடக்காதீர்கள். முழங்காலும் மார்பும் தரையில் படும்படி குப்புற மண்டியிட்டு இடுப்பை உயர்த்தி வையுங்கள். தலையின் பாரம் கொடியை நசுக்காமல் இருக்க இதுவே வழி. வண்டியில் இடது பக்கமாகப் படுத்து இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை. கொடியைத் திரும்ப உள்ளே தள்ள முயலக் கூடாது.

சளி போல, ரத்தக் கோடு கலந்து ஏதோ வந்தது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளிக்கட்டி அது. வாய் மிருதுவாகத் தொடங்கியிருக்கிறது என்று மட்டும் பொருள். வலி அன்றே வரலாம், பத்து நாள் கழித்தும் வரலாம். டாக்டர் உள்பரிசோதனை செய்த மறுநாளும் இப்படி வரும். பயப்பட வேண்டியது சளி இல்லாமல் சிவப்பாக, மாதவிடாய் போல வடியும் ரத்தத்துக்கு. வலியே இல்லாமல் வந்தால் அது இன்னும் கவனிக்க வேண்டியது. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களுக்கு அப்படித்தான் வரும்.

கடைசி நாட்களில் குழந்தையின் அசைவு குறைவது சகஜம்தானே?

இல்லை. இடம் போதாததால் அசைவு குறையும் என்பது மிகப் பரவலான, மிக ஆபத்தான தவறான நம்பிக்கை. பெரிய குட்டிக்கரணங்கள் குறைந்து, உருளுவதும் உந்துவதும் நெளிவதுமாக அசைவின் விதம் மாறும். எண்ணிக்கை குறையக் கூடாது. பிரசவ வலி தொடங்கும் வரைக்கும், தொடங்கிய பிறகும் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

பார்க்கும் முறை: சாப்பிட்ட பிறகு இடது பக்கம் படுத்து, போனை வைத்துவிட்டு, அசைவை மட்டும் எண்ணுங்கள். பத்து அசைவு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று தினமும் ஒரே வேளையில் பார்த்தால் உங்கள் குழந்தையின் வழக்கம் புரியும். பலருக்கு அரை மணிக்குள் முடிந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றாலோ, எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கத்தைவிட மந்தமாகப் பட்டாலோ அன்றே, இரவானாலும், போய் இதயத்துடிப்புப் பதிவு எடுக்கச் சொல்லுங்கள். இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கிறேன், நாளைக்கு செக்கப் இருக்கிறதே என்று தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் துடிப்புக் கேட்கும் கருவி வைத்துக்கொண்டு சமாதானம் அடைவதும் தவறு. அதில் உங்கள் ரத்தக்குழாயின் ஓசையே குழந்தையின் துடிப்பாகக் கேட்டுவிடலாம்.

கால் வீங்கியிருக்கிறது. எது சாதாரணம், எது இல்லை?

மாலையில் கணுக்கால் வீங்கி, காலையில் வடிந்தால் சாதாரணம். முகமும் கைவிரலும் ஒன்றிரண்டு நாளில் உப்பி மோதிரம் கழற்ற முடியாமல் போனால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ரத்தத்தையும் பரிசோதிப்பார்கள். 160/110 என்றால் அவசரம், அங்கேயே சேர்த்துவிடுவார்கள். மாத்திரைக்கு அடங்காத தலைவலி, கண் மங்குவது அல்லது கண்முன் பூச்சி பறப்பது, வலது விலா எலும்புக்குக் கீழே வலியோடு வாந்தி ஆகியவை வலிப்புக்கு முந்தைய அறிகுறிகள். ஊர்ப்பக்கம் ஜன்னி என்று சொல்லும் அந்த வலிப்பு வந்துவிட்டால் இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ சாவியோ திணிக்க வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். 108.

உப்பைக் குறைத்தால் அழுத்தம் இறங்கிவிடும் என்று வீட்டிலேயே இருப்பது பலன் தராது. இதற்கு உண்மையான முடிவு பிரசவம்தான். அதனால்தான் 37 வாரம் ஆனதும் வலி வரவழைக்கலாம் என்கிறார்கள்.

ராத்திரி தூக்கமே இல்லை, அரிப்பு, நெஞ்செரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு…

ஒருக்களித்துப் படுங்கள், இடது பக்கம் என்றால் நல்லது. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மல்லாந்து தூங்கினால் கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். விழித்துப் பார்க்கும்போது மல்லாந்திருந்தால் பதறாமல் திரும்பிக்கொண்டால் போதும். நெஞ்செரிச்சலுக்கு இரவுச் சாப்பாட்டை 7 மணிக்குள் முடித்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுங்கள். கெண்டைக்கால் பிடித்தால் காலை நீட்டி, பாதத்தை உங்களை நோக்கி வளைத்துப் பிடியுங்கள்.

அரிப்பில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் தடிப்பே இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், இரவில் அதிகமாக அரித்தால் கல்லீரலில் பித்தம் தேங்குகிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். அது குழந்தையைப் பாதிக்கக்கூடியது. “சூடு” என்று சொல்லி வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டு விடுவதில் நாள் போய்விடும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் தண்ணீர் குறைவு, கொடி சுற்றியிருக்கிறது என்று வந்திருக்கிறது. சிசேரியன்தானா?

தண்ணீர்: நான்கு இடத்தில் அளந்து கூட்டிய அளவு 5 முதல் 25 செ.மீ. வரை இயல்பு. 8, 9 என்று வந்தால் குறைவு என்று பதற வேண்டாம். 5-க்குக் கீழே என்றால் குழந்தையின் துடிப்பும் ரத்த ஓட்டமும் பார்த்து, 37 வாரம் கடந்திருந்தால் வலி வரவழைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்பது ஓரளவு உதவும். ஆனால் பனிக்குடம் கசிந்து குறைந்திருந்தால் குடித்து நிரப்ப முடியாது.

கொடி: ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை கழுத்தில் ஒரு சுற்றுடன்தான் பிறக்கிறது. தலை வெளியே வந்ததும் மருத்துவச்சி விரலால் தளர்த்தி எடுத்துவிடுவார். அதுமட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது. மாலை சுற்றிப் பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். பிறந்த பிள்ளை மீது பழி போட யாருக்கும் உரிமை இல்லை.

தலை திரும்பாதது: 100 குழந்தைகளில் மூன்று நான்கு மட்டுமே கடைசியில் இடுப்பு கீழாக இருக்கும். 36, 37 வாரத்தில் வெளியிலிருந்து கையால் திருப்பும் முறை உண்டு. அதை மருத்துவமனையில், தேர்ந்த டாக்டர்தான் செய்ய வேண்டும். வயிற்றில் எண்ணெய் போட்டுத் தடவித் திருப்புகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

தேதி தாண்டிவிட்டது, வலி வரவில்லை. எத்தனை நாள் பொறுக்கலாம்?

வேறு சிக்கல் இல்லாதவர்கள் 41 வாரம் வரை, துடிப்பும் தண்ணீரும் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு, பொறுக்கலாம். அதற்கு மேல் நஞ்சுக்கொடியின் வேலை தளரத் தொடங்கும் என்பதால் வலி வரவழைப்பார்கள். 42 வாரத்தைத் தாண்ட விடக் கூடாது. தேதி அன்றே வந்து சேரச் சொல்லும் மருத்துவமனைகளும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு 38, 39 வாரத்திலேயே முடிவெடுப்பார்கள்.

வலி வரவழைப்பது என்றால் வாயை மிருதுவாக்க ஜெல் வைப்பது, சிறு அளவு மாத்திரை, அல்லது ரப்பர் குழாய் பலூன். பிறகு தேவைப்பட்டால் டிரிப்ஸில் மருந்து. ஜெல் வைத்ததும் பிறந்துவிடாது. இரண்டு நாள்கூட ஆகலாம் என்று தெரிந்துகொண்டு போனால் நடுவில் மனம் ஒடிந்து “அறுத்து எடுத்துடுங்க” என்று கேட்க மாட்டீர்கள்.

நல்ல நட்சத்திரத்தில் சிசேரியன் வைத்துக்கொள்ளலாமா?

மருத்துவக் காரணத்துக்காக அறுவை என்று முடிவாகி, 39 வாரமும் முடிந்திருந்தால், அந்த வாரத்துக்குள் எந்த நாள் என்பதை நீங்களும் டாக்டரும் பேசிக்கொள்ளலாம். நட்சத்திரத்துக்காக 37 வாரத்தில் எடுப்பது குழந்தைக்குச் செய்யும் கெடுதல். வலி காணாமல் முன்கூட்டி எடுத்த குழந்தையின் நுரையீரலில் நீர் தங்கி, மூச்சுத் திணறி, பிறந்த முதல் நாளையே தாயைப் பிரிந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கழிக்க நேர்கிறது. அதேபோல் துடிப்புக் குறைகிறது, உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லும்போது எமகண்டம் முடியட்டும் என்று கையெழுத்துப் போடாமல் நிற்பது மன்னிக்க முடியாதது.

விளக்கெண்ணெய், கஷாயம், குனிந்து பெருக்குவது எல்லாம் வலியைக் கொண்டுவருமா?

விளக்கெண்ணெய் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தண்ணீர்ச்சத்து இறங்கி, களைத்துப்போய்ப் பிரசவத்துக்குப் போவதில் என்ன லாபம்? கடையில் விற்கும் பெயர் தெரியாத பிரசவக் கஷாயங்களும் வேண்டாம். தினமும் காலை மாலை அரை மணி நேரம் நடப்பதும், வீட்டு வேலை செய்வதும் நல்லவை. உடலைத் தயாராக்கும், வலியை உடனே அழைத்து வராது. பேரீச்சம்பழம் தினம் ஐந்தாறு சாப்பிடலாம், சர்க்கரை உள்ளவர்களைத் தவிர.

மாத்திரைகளை இனி நிறுத்தலாமா?

கூடாது. பிரசவத்தில் ரத்தம் போகும் நேரத்தில் கைகொடுப்பது உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துதான். 36 வாரத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள்: 11-க்குக் கீழே என்றால் சோகை, 7-க்குக் கீழே என்றால் ரத்த வங்கி உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அரசு தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு; பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும். எலுமிச்சைச் சாறுடனோ நெல்லிக்காயுடனோ எடுங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான்.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறேன். என்ன ஏற்பாடு?

வளைகாப்பு முடிந்து கடைசி நேரத்தில் ஊர் மாறுபவர்களுக்குத்தான் காகிதம் இல்லாத சிக்கல். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்து, பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) காட்டி, அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். முன்பின் பார்க்காத டாக்டர் நள்ளிரவில் உங்களை முதன்முதலாகப் பார்க்கும்படி ஆகக் கூடாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் பிக்மி எண் கேட்பார்கள். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை.

சேர வேண்டிய ஆஸ்பத்திரி எது, அது முடியாது என்றால் அடுத்து எது என்று வழியோடு முடிவு செய்துவையுங்கள். உங்கள் ரத்தப் பிரிவு நெகடிவ் என்றால் அதை உரக்கச் சொல்லுங்கள்: குழந்தை பாசிடிவ் ஆக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

பையில் என்ன வைப்பது?

36 வாரத்தில் கட்டி வைத்து, வீட்டில் எல்லோருக்கும் இடம் தெரியும்படி வையுங்கள். ஒரு உறையில்: தாய்-சேய் அட்டை, எல்லா ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார், வங்கிப் புத்தக நகல். தாய்க்கு: முன்பக்கம் திறக்கும் நைட்டி மூன்று, பெரிய நாப்கின் இரண்டு கட்டு, உள்ளாடை, செருப்பு, தம்ளர், போன் சார்ஜர். குழந்தைக்கு: துவைத்து வெயிலில் காய்ந்த பழைய பருத்தி வேட்டித் துணி எட்டுப் பத்து, தொப்பி, காலுறை. புதுத் துணியின் கஞ்சி குழந்தையின் தோலுக்கு ஆகாது. பால் பவுடர், பால் புட்டி, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். பிறந்ததும் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் சேனை வழக்கம் உள்ள வீடுகளில் பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். தேனில் இருக்கும் கிருமி பச்சிளம் குழந்தைக்கு நஞ்சு. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அது போதும்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் என்ன நடக்கும்?

நாடி, அழுத்தம், குழந்தையின் துடிப்பு பார்ப்பார்கள். துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. பிறகு உள்பரிசோதனை. “ரெண்டு விரல்” என்றால் சுமார் 3 செ.மீ.; 10 செ.மீ. திறந்தால் முழுதாகத் திறந்தது. 5 செ.மீ. ஆன பிறகுதான் வேகம் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் உறவுப் பெண் ஒருவரைப் பிரசவ அறைக்குள் துணைக்கு விடுவது உண்டு. ஏற்கெனவே பிள்ளை பெற்ற, பதறாத ஒருவரை முன்பே பேசி வையுங்கள்.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி போடுவார்கள். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி வைத்துக்கொள்கிறீர்களா என்ற கேள்வியும் வரும். அது நல்ல முறைதான், ஆனால் வலியின் நடுவில் முடிவெடுக்கக் கூடிய விஷயம் அல்ல. கணவனும் மனைவியும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமும் சிசேரியனும் இலவசம். மருந்து, ரத்தம், உணவு எல்லாம் அதில் அடங்கும். வீடு திரும்ப 102 வண்டி.

வண்டி வருவதற்குள் குழந்தை வந்துவிட்டால்?

108-இல் போனை வைக்காமல் ஸ்பீக்கரில் போடுங்கள். தாயைச் சுத்தமான துணி விரித்துச் சாய்ந்து படுக்க வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலை தெரிந்தால் முக்குவதை நிறுத்தி வாயால் ஊதி ஊதி மூச்சு விடச் சொல்லுங்கள். தலை மெல்ல வரட்டும், இழுக்காதீர்கள். கழுத்தில் கொடி தளர்வாக இருந்தால் தலைக்கு மேலாக எடுத்துவிடுங்கள்.

வந்ததும் உலர்ந்த துணியால் உடம்பைத் தேய்த்துத் துடைத்து, ஈரத் துணியை மாற்றி, தாயின் வெறும் மார்பில் படுக்க வைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். அழவில்லை என்றால் முதுகை மேலும் கீழும் தேயுங்கள். தலைகீழாகப் பிடித்து அடிக்க வேண்டாம். கொடியை பிளேடால் அறுக்காதீர்கள். அறுக்காமல் அப்படியே கொண்டுபோகலாம். நஞ்சுக்கொடியை இழுத்து எடுக்கக் கூடாது. தானே வந்தால் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள், முழுதாக வந்திருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். குழந்தையை உடனே மார்பில் சப்ப விடுங்கள், கர்ப்பப்பை சுருங்கி ரத்தம் குறையும். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகும் ரத்தம் கொட்டினால் தொப்புளுக்குக் கீழே கையால் வட்டமாக அழுத்தித் தேயுங்கள், கர்ப்பப்பை கெட்டியாகும் வரை. வண்டி வந்து செவிலியர் கையில் ஒப்படைக்கும் வரை அதை நிறுத்த வேண்டாம்.